கேசட் மேல பழி போடாதீங்க
(வாசகர் கேள்வி – பதில்)

இந்த மாசம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம்தான்: பழைய டிவி கேமுக்கும், கையில் வெச்சு ஆடுற கேம்பாய்க்கும் போடுற ஃப்ளாஷ் கேசட். தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பார்க்க சாதாரண கேசட் மாதிரியேதான் இருக்கும். அதுல ஒரு எஸ்டி கார்டு நுழையும். கார்டில் இருக்கிற ஆட்டத்தை எடுத்து வெச்சுக்கிட்டு, 'அந்தக் கேசட் நான்தான்'னு மெஷின்கிட்ட சாதிக்கும்.

'கார்ட்ரிட்ஜ்'னு எழுதியிருக்கிறவங்க மன்னிக்கணும். லாங் பஜார் பக்கம் எங்க அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்த காலத்திலிருந்தே வேலூரில் அது கேசட்தான். பாட்டு கேசட், கேம் கேசட். இப்ப சத்துவாச்சாரியில், அப்பாவோட அதே மேஜையில் நான் போன் சர்வீஸ் பண்றேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேசட்.

கே: மாமா ஷூ கம்பெனி வேலையா வெளிநாடு போனப்ப வாங்கிட்டு வந்த பழைய சாம்பல் கலர் கேம்பாய். ஃப்ளாஷ் கேசட் போட்டா, மேலேர்ந்து ஒரு கறுப்புக் கட்டை இறங்கி நடுவுல நின்னுக்கினு கீது. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. கேசட் பூடுச்சாக்கா? ஊதி ஊதிப் பாத்துட்டேன். (பள்ளி மாணவர், ஆம்பூர்)

முதல்ல ஊதுறத நிறுத்து தம்பி. உன் எச்சில் ஈரம், கேசட் ஓரத்தில் வரிசையா இருக்கிற உலோகப் பின்னுக்கு எதிரி. ஊதினதும் வேலை செய்யறது ஊதினதால இல்ல, எடுத்துட்டு மறுபடி சொருகினதால.

அந்தக் கறுப்புக் கட்டையே உனக்கு வியாதி என்னன்னு சொல்லிடுச்சு. 1989-ல் வந்த அந்த கேம்பாய், ஆன் பண்ணினதும் தன்னைச் செஞ்ச நிண்டெண்டோ கம்பெனியோட பேரைத் தன்கிட்டேர்ந்து எடுக்காது, கேசட்டிலிருந்துதான் படிக்கும். மொத்தம் 48 பைட். அதைத் திரையில் இறக்கிக் காட்டிட்டு, தனக்குள்ள இருக்கிற நகலோட ஒத்துப் பார்க்கும். ஒரு பைட் மாறினாலும் அங்கேயே நின்னுடும். கேசட்டே போடாம ஒரு தடவை ஆன் பண்ணிப் பார். அதே கட்டை இறங்கும். அதாவது உன் மெஷினைக் கேட்டா, 'கேசட்டா? யாரும் போடலியே'ங்கும். எழுத்து கோணலும் மாணலுமா வந்திருந்தா, சில பின் மட்டும் தொடலைன்னு அர்த்தம்.

போன் சர்வீஸ் கடையில் ஐபிஏன்னு கேள், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். காது குடையிற பஞ்சுக் குச்சியில் தொட்டு கேசட்டோட பின்களைத் துடை. பஞ்சு கறுப்பாகாம வெள்ளையாவே வர்ற வரைக்கும் துடைச்சுக்கிட்டே இரு. போகாத கறைக்கு வெள்ளை ரப்பர், அப்புறம் மறுபடி ஐபிஏ. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பின் மேல இருக்கிற தங்க முலாம் முடியளவு கூட தடிமன் இல்ல. கடைசியா, ஐபிஏ ஈரத்தோட கேசட்டைப் பத்துத் தடவை சொருகி எடு. மெஷின் பக்கத்துப் பின்னும் சுத்தமாயிடும். நல்லா காய்ஞ்ச பிறகு ஆன் பண்ணு. ஷூ பாலிஷ் துணியால் துடைக்கலாமான்னு கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கே. கூடாது, மெழுகு ஒட்டும்.

கே: 90-கள்ல அப்பா வாங்கின டிவி கேம் இன்னும் ஓடுது. 60 பின் கேசட் போடுற வகை. நான் வாங்கினது 72 பின் ஃப்ளாஷ் கேசட். நடுவில் ஒரு கன்வர்ட்டர் போட்டு சொருகினேன். படம் கண்ணாடி மாதிரி வருது, சத்தம் மட்டும் சுத்தமா இல்ல. பழைய கேசட் போட்டா சத்தம் வருது. ஃப்ளாஷ் கேசட்டைத் திருப்பி அனுப்பட்டுமா? (லுங்கி வியாபாரி, குடியாத்தம்)

அனுப்பாதீங்க அண்ணா. உங்க கேசட்டில் ஒரு குறையும் இல்ல, கன்வர்ட்டர் செஞ்சவன்தான் ஒரு கம்பியை மறந்துட்டான்.

ஜப்பானில் 1983-ல் வந்த ஃபேமிகாம்தான் உங்க டிவி கேமுக்குப் பாட்டன். அதுல ஒரு விசித்திர ஏற்பாடு. மெஷினுக்குள்ள உருவாகிற சத்தம் நேரா டிவிக்குப் போகாது. 45-ஆம் பின் வழியா கேசட்டுக்குள்ள வந்து, 46-ஆம் பின் வழியா திரும்பிப் போய், அப்புறம்தான் டிவிக்கு. ஏன் இந்தச் சுத்து? கேசட்டுக்குள்ளயே கூடுதலா ஒரு இசை சிப் வெச்சிருந்தா, அந்த இடத்தில் அதையும் கலந்து அனுப்பலாம். கொனாமி, நாம்கோ, சன்சாஃப்ட் எல்லாரும் அப்படிச் சில கேசட் போட்டாங்க. கூடுதல் சிப் இல்லாத கேசட்டில் 45-ஐயும் 46-ஐயும் சும்மா ஒண்ணா இணைச்சிருப்பாங்க. வெளிநாட்டுக்குப் போன 72 பின் மாடலில் இந்தச் சுத்தே கிடையாது. அதனால உங்க ஃப்ளாஷ் கேசட்டுக்கு இந்த வழக்கமே தெரியாது. கன்வர்ட்டர்தான் அந்த ரெண்டு பின்னையும் இணைச்சிருக்கணும்.

கடைக்குப் போகாம நீங்களே சரி பண்ணலாம். எந்தப் பின்னுன்னு எண்ணிக் கஷ்டப்பட வேண்டாம். ஒரு பக்கத்துக்கு 30 பின். பின்பக்கம் 31-ல தொடங்கி 60-ல முடியுது, அப்ப 45-உம் 46-உம் சரியா நடுவுல இருக்கிற ரெண்டு. இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் அதேதான் வரும். பக்கம்தான் மாறிடக் கூடாது. முன்பக்கத்து நடுப் பின் ரெண்டில் ஒண்ணு எர்த். தப்பான பக்கத்தை இணைச்சீங்கன்னா ஆட்டமே நின்னுடலாம்.

அதனால மல்டிமீட்டரை பீப்பில் வையுங்க, அதாவது தொடுற ரெண்டு இடமும் இணைஞ்சிருந்தா சத்தம் போடுற இடத்தில். முதல்ல சத்தம் வர்ற உங்க பழைய கேசட்டை எடுத்து, நடு ரெண்டு பின்னையும் தொடுங்க. எந்தப் பக்கம் பீப் அடிக்குதோ அந்தப் பக்கம்தான் நமக்கு வேண்டியது. கன்வர்ட்டரில் அதே பக்கத்தில் தொட்டுப் பாருங்க, பீப் வராது. அந்த ரெண்டில் எதுவும் எர்த்தோட பீப் அடிக்கலைன்னும் ஒரு தடவை உறுதி பண்ணிக்குங்க.

இப்ப சோல்டரிங். பின்னோட நுனியில், அதாவது சாக்கெட்டுக்குள்ள போற இடத்தில், ஈயம் வைக்காதீங்க. அப்புறம் அது சொருகாது, சொருகினா சாக்கெட் விரிஞ்சிடும். பின் மேலே ஏறிப் போய் பச்சைப் பூச்சுக்குள்ள நுழையிற இடத்தைப் பிடிங்க. பிளேடு நுனியால் அந்தப் பச்சையை எள்ளளவு சுரண்டினா செம்பு மின்னும். ரெண்டுலயும் பொட்டு ஈயம். ஒரு ரெசிஸ்டரின் காலை வெட்டி, அரை சென்டிமீட்டர்கூட வேண்டாம், பாலம் மாதிரி வெச்சு தொட்டு எடுங்க. மூணு செகண்டுக்கு மேல அயர்னை வைக்காதீங்க, பட்டை உரிஞ்சு வந்துடும். என்கிட்ட வந்த ஒரு கன்வர்ட்டரில் இந்த வேலை பத்து நிமிஷத்தில் முடிஞ்சது. அந்த அண்ணன் அதுக்குள்ள ரெண்டு கேசட் மாத்தி வாங்கியிருந்தார்.

கே: 64 ஜிபி கார்டு போட்டால் மெனுவே வரவில்லை. 8 ஜிபி போட்டால் வருகிறது. ஏன்? (வாலாஜாபேட்டை)

32 ஜிபிக்கு மேல போற கார்டெல்லாம் கடையிலிருந்து எக்ஸ்-ஃபேட் ஃபார்மட்டில் வரும். பெரும்பாலான ஃப்ளாஷ் கேசட்டுக்குத் தெரிஞ்சது ஃபேட் 32 மட்டும். 8 ஜிபியே போதும். ஃபேமிகாம் ஆட்டம் ஒண்ணு பெரும்பாலும் அரை எம்பிகூட வராது. 64-ல என்ன நிரப்பப் போறீங்க?

கே: லேப்டாப்பில், பழைய மெஷின் போல நடிக்கும் சாஃப்ட்வேரான எமுலேட்டரில் அருமையாக ஓடுகிற அதே ஃபைல், ஃப்ளாஷ் கேசட்டில் போட்டால் கறுப்புத் திரை. எல்லாம் இல்லை, சில ஆட்டங்கள் மட்டும். கார்டை மாற்றிவிட்டேன், பின்களைத் துடைத்துவிட்டேன். கேசட்டின் சிப்பில் குறையோ என்று ஹாஸ்டலில் சொல்கிறார்கள். (கல்லூரி மாணவி, காட்பாடி)

தங்கச்சி, வேலையை ஒழுங்கா வரிசைப்படி செஞ்சிருக்கே. அதனால உனக்குக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச கோளாறு இது.

ஃபேமிகாம் கேசட் வெறும் நினைவகம் கிடையாது. பெரிய ஆட்டத்தை மெஷினால மொத்தமா பார்க்க முடியாதுன்னு, பக்கம் பக்கமா புரட்டிக் காட்ட ஒவ்வொரு கம்பெனியும் கேசட்டுக்குள்ள ஒரு சர்க்யூட் வெச்சாங்க. அதுக்கு மேப்பர்னு பேரு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண். சூப்பர் மாரியோ 3 நாலாம் எண், நம்ம ஊர்ப் பசங்க உயிரை விட்டு ஆடின கான்ட்ரா ரெண்டாம் எண். ஆட்டத்தோட ஃபைலில் முதல் 16 பைட் ஒரு முகவரிச் சீட்டு. மேப்பர் எண் அதுல ஏழாவது பைட்டில் பாதி, எட்டாவது பைட்டில் பாதியா எழுதியிருக்கும். ஃப்ளாஷ் கேசட் அதைப் படிச்சுட்டுத்தான் எந்த வேஷம் போடணும்னு முடிவு பண்ணும்.

90-கள்ல யாரோ எழுதின ஒரு பழைய சாஃப்ட்வேர், தான் தொட்ட ஃபைலிலெல்லாம் அந்தச் சீட்டோட கடைசி 9 பைட்டில் 'டிஸ்க்டூட்!'னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு. கோட்டைச் சுவரில் ஆணி வெச்சு பேரு கிறுக்கிட்டுப் போறாங்களே, அந்த மாதிரி. ஆங்கிலத்தில் சரியா 9 எழுத்து, கடைசி ஆச்சரியக்குறியோட சேர்த்து. அந்த இடம் அப்ப காலியா பூஜ்யமா இருந்தது, யாருக்கும் உறுத்தலை. ஆனா எட்டாவது பைட்டில் விழுந்த முதல் எழுத்தோட மதிப்பு ஹெக்ஸில், அதாவது 16-ஐ அடிப்படையா வெச்சு எண்ணுற முறையில், 44. அதுல முன் பாதி 4. மேப்பர் எண்ணோட மேல் பாதி அதுதான், அப்ப 4 பெருக்கல் 16, ஆக 64 கூடிடுது. கான்ட்ராவோட 2, 66 ஆயிடும். மாரியோ 3-ஓட 4, 68 ஆயிடும். ரெண்டுமே நிஜத்தில் வேற சர்க்யூட்டோட எண்கள். உன் கேசட் சீட்டில் இருக்கிறதை நம்பி, சீட்டில் இருக்கிற வேஷத்தையே போடுது. எமுலேட்டர் ஏன் ஓட்டுதுன்னா, இந்தக் கையெழுத்தைப் பார்த்தா கண்டுக்காதேன்னு அதை எழுதினவங்க சொல்லி வெச்சிருக்காங்க.

ஓடாத ஃபைல் ஒண்ணை ஹெக்ஸ் எடிட்டரில், அதாவது ஃபைலை பைட் பைட்டா காட்டுற சாஃப்ட்வேரில், திற. முதல் வரி சரியா 16 பைட். வலது ஓரத்தில் அந்தக் கையெழுத்து தெரிஞ்சா, எட்டாவது பைட்டிலிருந்து வரிக் கடைசி வரைக்கும் எல்லாத்தையும் 00 ஆக்கு. நகல் எடுத்து வெச்சுட்டுச் செய். உண்மையாவே மேப்பர் எண் 16-ஓ அதுக்கு மேலயோ இருக்கிற சில ஆட்டங்களுக்கு இந்த வைத்தியம் சரிப்படாது, அதுக்கு சரியான எண்ணைத் தேடிப் போடணும்.

இன்னொண்ணு. இந்தக் கையெழுத்து இருக்கிற ஃபைல் எல்லாம் ஊர் சுத்தி, பல கை மாறி வந்தது. உன்கிட்ட கேசட் இருக்கிற ஆட்டத்தையே அதுக்கான ரீடரில் நீயே படிச்சு எடுத்தா சீட்டும் சுத்தமா வரும், மனசும் சுத்தமா இருக்கும். இப்பவும் புதுசா ஆட்டம் எழுதி இலவசமா கொடுக்கிறவங்களும் இருக்காங்க.

கே: பேரனுக்காகப் பழைய டிவி கேமைத் தூசு தட்டி எடுத்தேன். ஃப்ளாஷ் கேசட் போட்டால் இருபது நிமிடத்தில் படம் உறைந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. பழைய கேசட்டில் இந்தத் தொல்லை இல்லை. (ஓய்வு பெற்ற ஃபிட்டர், ராணிப்பேட்டை)

ஐயா, கடிதத்தில் மே மாசத் தேதி போட்டிருக்கீங்க. அதுலயே பாதி பதில் இருக்கு.

உங்க மெஷினைத் திறந்தா, மூணு காலோட 7805-னு எழுதின ஒரு ஐசி இருக்கும். அடாப்டர் அனுப்புறதை 5 வோல்ட்டா குறைச்சுக் கொடுக்கிறது அதோட வேலை. குறைக்கிற மிச்சத்தை என்ன பண்ணும்? சூடாக்கி வெளியே விடும், வேற வழி அதுக்குத் தெரியாது. நீங்க சொன்ன பழைய கனமான அடாப்டரில் 9 வோல்ட்னு போட்டிருந்தாலும், லோடு இல்லாம மீட்டரில் பாருங்க, 12, 13 கூடக் காட்டும். மெஷின் ஓடும்போது 11-ன்னு வெச்சுக்குவோம். 11-ல 5 போனா 6. அரை ஆம்பியர் ஓடினா 3 வாட் சூடு. ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கி வெளியே விடுற உலோகத் தகடு, இல்லாத 7805-க்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். அதுக்கு மேல நம்ம அக்னி நட்சத்திரத்து வெயில் வேற. தாங்க முடியாம, எரிஞ்சு போறதுக்கு முன்னால அது தானா கையைத் தூக்கிடும். ஆறினதும் மறுபடி வேலைக்கு வரும். பழைய கேசட்டில் ஒண்ணு ரெண்டு சிப்தான், இழுக்கிற கரண்ட் கம்மி. ஃப்ளாஷ் கேசட்டில் பெரிய சிப்பும் கார்டும் சேர்ந்து இழுக்குது.

நீங்க ஃபிட்டர், அலுமினியத் தகடு வெட்டச் சொல்லித் தர வேண்டியதில்லை. தீப்பெட்டி அளவு ஒரு தகடு, நடுவில் ஓட்டை, தெர்மல் பேஸ்ட், ஒரு நட்டு போல்ட். அடாப்டரையும் மாத்தி, போன் சார்ஜர் மாதிரி கனமில்லாத எஸ்எம்பிஎஸ் வகை 9 வோல்ட் 1 ஆம்பியர் வாங்குங்க, அது நிஜமாவே 9 தரும். வாங்கும்போது நடு முனை பிளஸ்ஸா மைனஸான்னு பழைய அடாப்டரோட ஒத்துப் பாருங்க. அசல் ஃபேமிகாமில் நடு முனை மைனஸ். நம்ம ஊருக்கு வந்த நகல் மெஷின்களில் ரெண்டும் உண்டு.

கே: கேம்பாய் ஃப்ளாஷ் கேசட்டில் சேவ் பண்ணினது மறுநாள் காணோம். (ஆரணி)

ரெண்டு காரணம் இருக்கலாம். சில கேசட், ஆட்டத்தை முடிச்சதும் ரீசெட் பண்ணி மெனுவுக்குத் திரும்பினாத்தான் சேவ் பண்ணினதைக் கார்டில் எழுதும். நேரா ஸ்விட்சை அணைச்சா போச்சு. சேவ் பண்ணினதை பேட்டரி காப்பாத்துற வகைன்னா, உள்ள ஒரு காசு செல் இருக்கும், 3 வோல்ட். மீட்டரில் இரண்டரைக்குக் கீழே காட்டினா மாத்திடுங்க.

மாத்தும்போது காலோட வர்ற செல்லாப் பார்த்து வாங்குங்க. கால் இல்லாத செல் மேல நேரா அயர்ன் வெச்சு கம்பி ஒட்டினவ நான். பத்தொன்பது வயசு, கடையில் அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். பட்டுனு ஒரு சத்தம், செல் மேஜையிலிருந்து எழும்பி மின்விசிறியில் மோதி, வாடிக்கையாளர் கொடுத்துட்டுப் போன டேப் ரெக்கார்டர் மேல விழுந்தது. கண்ணாடி போட்டிருந்தேன், கண் தப்பிச்சது. அப்பா வந்து ஒண்ணும் சொல்லலை. அந்தச் செல்லை ஒரு நூலில் கட்டி அயர்ன் ஸ்டாண்டுக்கு மேல தொங்க விட்டார். இன்னும் தொங்குது.

கே: மெகாடிரைவுக்கு ரொம்ப மலிவா ஒரு ஃப்ளாஷ் கேசட் கிடைச்சுது. மெஷினுக்கு ஏதாவது ஆகுமா? (கொசப்பேட்டை)

திறந்து பாருங்க. மெகாடிரைவ், அதாவது சேகா கம்பெனியோட டிவி கேம், 5 வோல்ட் மெஷின். இப்ப வர்ற மெமரி சிப் அதிகமும் 3.3 வோல்ட், பேரில் 29-க்கு அடுத்து எல்-வினு ரெண்டு எழுத்து இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்க, பின்களுக்குப் பக்கத்திலேயே 245-னு எண் போட்ட சின்னச் சின்ன ஐசிகள் வரிசையா உட்கார்ந்திருக்கணும். அது ஒண்ணுமே இல்லாம மெமரி சிப்பிலிருந்து கம்பி நேரா பின்னுக்கு ஓடினா, நான் என் மெஷினில் போட மாட்டேன். உடனே எரியாது, அதனாலதான் விக்கிறவன் தைரியமா விக்கிறான். ரெண்டு பக்கமும் தினமும் கொஞ்சம் கொஞ்சமா அடி வாங்கும். கேசட் மேல பழி போடாதீங்கன்னு இவ்வளவு நேரம் சொன்னேன், இது ஒண்ணு மட்டும் விதிவிலக்கு.

கே: ஜப்பானிலிருந்து வந்த மெஷினின் அடாப்டரை இங்கே நேராகச் சொருகலாமா? (ஆற்காடு)

அது 100 வோல்ட்டுக்கானது. சொருகினா புகைதான் வரும்.

கே: மகனுக்கு 13 வயது. உங்கள் பகுதியைப் படித்துவிட்டு சோல்டரிங் அயர்ன் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது. (ஒரு தாய், வாணியம்பாடி)

கொடுங்கம்மா. 25 வாட் அயர்ன் போதும், ஸ்டாண்டோட வாங்குங்க. ஸ்டாண்ட் இல்லாத அயர்ன்தான் பாயைச் சுடும், தொடையைச் சுடும். கண்ணாடி கட்டாயம், ஏன்னு ஆரணிக்காரருக்குச் சொன்ன பதிலில் இருக்கு. ஜன்னல் பக்கத்தில் உட்காரட்டும், புகை முகத்துக்கு நேரா வரக் கூடாது. முதல் நாளே கேசட்டைத் தொட விடாதீங்க. பழைய இரும்புக் கடையில் செத்த ரேடியோ போர்டு ஒண்ணு வாங்கிக் கொடுங்க, அதுல இருக்கிற ஒவ்வொரு ரெசிஸ்டரையும் கழட்டி மறுபடி அதே ஓட்டையில் வைக்கட்டும். எங்க அப்பா என்னை ஒரு கோடை லீவு முழுக்க அதைத்தான் செய்ய வெச்சார்.

சாதாரண சோல்டரில் நூத்துக்கு நாப்பது பங்கு ஈயம். வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவாம பிரியாணித் தட்டுப் பக்கம் விடாதீங்க.